குப்பைப் பைக்குள் ஒரு பொம்பர்

எங்கள் வீட்டுக் கெல்லரில் ஒரு கறுப்புக் குப்பைப் பை ஏழு மாதம் கிடந்தது. ஒரு பக்கம் அம்மாவின் மிளகாய்த்தூள் வாளி, மறுபக்கம் பனிக்கால ரயர்கள், நடுவில் அந்தப் பை. அதற்குள் ஒரு போர்விமானம் துண்டு துண்டாக இருந்தது. உடைத்தது நான். ஆனால் உடைந்ததற்குக் காரணம் அப்பாதான் என்று ஏழு மாதமும் மனதுக்குள் ஒரு கோபம். அந்தக் கோபம் பிழை என்று விளங்கிய கதைதான் இது. இடையில் உடைந்த மொடல் விமானத்தை எப்படித் திரும்பக் கட்டுவது என்பதும் வரும். உங்களுக்கு விமானத்தில் விருப்பம் இல்லாவிட்டாலும் அந்தப் பந்திகளைத் தாண்டிப் போகாதீர்கள். அப்பா அதற்குள்தான் இருக்கிறார்.

எனக்குப் பதினாறு வயதில் இந்தப் பைத்தியம் பிடித்தது. ஹாம் நகரத்துக்கு வெளியே, சோளத் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் கிளப்பின் புல்வெளி இருக்கிறது. யேர்மனியில் ஒரு மொடலைப் பறக்கவிடக் கையில் றிமோட் இருந்தால் மட்டும் போதாது. காப்புறுதி கட்டாயம். விதிகள் தெரியும் என்பதற்கு ஒரு சிறு சோதனை எழுத வேண்டும். 2020 இன் கடைசி நாளில் வந்த ஐரோப்பிய விதியின்படி பதிவு எண்ணும் விமானத்தில் ஒட்டியிருக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி, பின்னேரம் பறப்பு. தமிழ்ப் பள்ளியில் நான் "பிளேன் விடுற பிள்ளை". கிளப்பில் நான் "பெயரைச் சரியாகச் சொல்ல முடியாத பிள்ளை". இரண்டு இடத்திலும் சிரித்துக்கொண்டு சமாளித்தேன். உங்களுக்கும் இது தெரிந்த கதையாக இருக்கும்.

முதல் இரண்டு வருடம் நுரைப் பிளாஸ்டிக்கில் செய்த பயிற்சி விமானம். எப்படி விழுந்தாலும் பசை பூசி ஒட்டினால் பின்னேரமே பறக்கும். மூன்றாவது பனிக்காலத்தில்தான் பால்சா மரத்தில் ஒரு உண்மையான 'வார்பேர்ட்' கட்டினேன். உலகப் போர்க்கால விமானங்களின் மொடலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது. நான் தெரிந்தெடுத்தது ஹரிக்கேன். இறக்கையின் அகலம் ஒன்றரை மீற்றர், எடை இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

ஏன் ஹரிக்கேன்? அம்மம்மாவின் ஊர் திருகோணமலை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்ரர் ஞாயிறு அன்று யப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9 அன்று திருகோணமலையைத் தாக்கின. அன்று சீனன்குடாத் தளத்தில் இருந்து மேலே எழும்பி எதிர்த்தவை பிரித்தானியரின் ஹரிக்கேன்கள். அதே நாளில்தான் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. அம்மம்மா அப்போது கைக்குழந்தை. தாய் தூக்கிக்கொண்டு ஊரை விட்டு ஓடினாராம். இந்தக் கதை சின்ன வயதில் இருந்தே என் காதில் இருந்தது. எங்கள் ஊர் வானத்தில் பறந்த ஒரு விமானம் என்ற ஒரே காரணத்துக்காக அதை வாங்கினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். யேர்மன் கடைகளில் மெஸ்ஸர்ஷ்மிட் மொடல் வாங்கினால் வாலில் ஒட்டும் நாசிச் சின்னம் பெட்டிக்குள் இருக்காது. அந்தச் சின்னத்தைக் காட்டுவது இங்கே சட்டப்படி குற்றம். ஒரு விளையாட்டுச் சாமானின் வாலில் இருக்கும் சின்னம் யாருக்காவது நோகும் என்று இந்த நாடு யோசித்திருக்கிறது. அது எனக்குத் தெரியும். ஆனால் முழு விமானமே ஒருவருக்கு நோகும் என்று நான் யோசிக்கவில்லை. அந்த ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

அப்பா மூன்று வருடமாகக் கிளப் பக்கம் வந்ததில்லை. என்னைக் காரில் கொண்டுவந்து விடுவார், பிறகு வந்து ஏற்றுவார். "வேலை இருக்கு பிள்ளை" என்பார். 2023 ஜூன் மாதம், நான் அபிற்றூர் முடித்த கிழமை, "இண்டைக்கு நிண்டு பாக்கிறன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன வித்தை எல்லாம் காட்டலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

ஹரிக்கேனை நல்ல உயரத்துக்கு ஏற்றினேன். பிறகு மூக்கைக் கீழே குத்தி, வேகம் எடுத்து, புல்வெளிக்குச் சமாந்தரமாக, பார்வையாளர் வாங்குக்கு முன்னால் தாழப் பறக்கவிட்டேன். எங்கள் கிளப்பில் எல்லோரும் கைதட்டும் வித்தை அது. மின்சார மோட்டர்தான். ஆனாலும் அந்த வேகத்தில் புரொப்பெல்லர் ஒரு மாதிரி ஊளையிடும்.

அப்பா வாங்கில் இல்லை. வாங்குக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தார். இரண்டு கையாலும் காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி.

என் கண் விமானத்தை விட்டு அப்பாவிடம் போனது. இரண்டு விநாடி இருக்கும். திரும்பிப் பார்த்தபோது ஹரிக்கேன் வேகம் குறைந்து, ஒரு பக்கம் சரிந்து திரும்பிக்கொண்டிருந்தது. பயத்தில் குச்சியை என் பக்கம் இழுத்தேன். அது செய்யக் கூடாத வேலை. வேகம் இல்லாத நேரத்தில் மூக்கை மேலே இழுத்தால் இறக்கையைத் தாங்கும் காற்று பிரிந்துவிடும். திரும்பும்போது உட்பக்க இறக்கைதான் முதலில் தன் பிடியை விடும். இடது இறக்கை சடக்கென்று விழுந்தது. பத்து மீற்றர் உயரத்தில் அதை நிமிர்த்த இடமும் இல்லை, நேரமும் இல்லை.

அப்பா எழும்பி முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டினார். என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். "புல்லு ஈரமாக் கிடக்கு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கிளப் ஆட்களுக்கு முன்னால் அப்பா படுத்துக் கிடந்தது எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் காரணம் வேறு.

கிளப்பில் எண்பது வயது தாண்டிய ஒரு மூத்தவர் இருக்கிறார். மோட்டர் இல்லாத கிளைடர் மட்டும்தான் விடுவார். அவர் என்னோடு வந்து குனிந்து, புல்லுக்குள் கிடந்த ஈர்க்குப் போன்ற சிம்புகளைக் கூடப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். "எல்லாத்தையும் எடு. இண்டைக்கு ஒண்டும் முடிவெடுக்காதே" என்று டொச்சில் சொன்னார். பற்றரியை மட்டும் பைக்குள் போட விடவில்லை. நசுங்கிய லித்தியம் பற்றரி பல மணி நேரம் கழித்தும் தீப்பிடிக்கும். அதை வெளியில் ஒரு மண் வாளிக்குள் வைத்தோம். பிறகு முனைகளுக்கு ரேப் ஒட்டி நகரசபையின் கழிவுச் சேகரிப்பு நிலையத்தில் கொடுத்தேன்.

பை கெல்லருக்குப் போனது. நானும் அப்பாவும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அடுத்த ஜனவரியில் ஒரு நாள், எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் வீடு கட்டக் குழி தோண்டிய இடத்தில் குண்டு ஒன்று கிடைத்தது. ரூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதினம் இல்லை. ஹாமில் பெரிய சரக்கு ரயில் நிலையம் இருந்ததால் உலகப் போரில் இந்த நகரத்தின் மேல் திரும்பத் திரும்பக் குண்டு போட்டார்கள். வெடிக்காதவை இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. 250 கிலோக் குண்டு. சுற்றியிருந்த வீடுகளில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தில் போய் இருந்தோம். கடலைச் சூப்பும் பாணும் தந்தார்கள்.

அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு வயதான யேர்மன் அம்மா இருந்தார். போர் நடந்தபோது தனக்கு ஆறு வயது என்றும், இரவில் தாய் தன்னை எழுப்பி பங்கருக்குக் கூட்டிக்கொண்டு போவார் என்றும் சொன்னார். அப்பாவின் டொச் சமையலறையில் படித்த டொச். அவருக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். ஆனால் பங்கர் என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. "நானும் பங்கர்" என்றார் நெஞ்சைத் தொட்டு. பிறகு கையால் காற்றில் கீறிக் காட்டினார். நேராக வெட்டினால் குண்டுச் சிதறல் உள்ளே வரும், அதனால் 'எல்' எழுத்துப் போல வளைத்து வெட்ட வேண்டும். மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்கு மேல் மண்மூட்டை. அந்த அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கேட்டேன். இருபது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அப்பா பங்கர் வெட்டிய கதையை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். அதுவும் இன்னொருவருக்குச் சொன்னபோது.

அப்பா என் பக்கம் திரும்பி, "இந்தக் குண்டு ஆர் போட்டது?" என்று கேட்டார்.

"இங்கிலாந்து, இல்லாட்டி அமெரிக்கா அப்பா."

"உன்ரை பிளேன் எந்த நாடு?"

"இங்கிலாந்து."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் வாயைக் கொடுத்தேன். "ஆனால் அது பொம்பர் இல்லை அப்பா. ஃபைட்டர். வந்த பொம்பர்களைத் தடுத்தது."

"மேல இருக்கிறவனுக்குத்தான் பிள்ளை அந்த வித்தியாசம். கீழ நிண்டு பாக்கிறவனுக்கு எல்லாம் பொம்பர்தான்."

இரவு ஒன்பது மணிக்கு மேல் குண்டைச் செயலிழக்கச் செய்துவிட்டதாக அறிவித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா மேலே வரவில்லை. கெல்லரில் லைற் எரிந்தது. போய்ப் பார்த்தால் பழைய துணி காயப்போடும் மேசையில் ஹரிக்கேனின் துண்டுகள். அப்பா ஒவ்வொன்றாக எடுத்து, எது எதோடு பொருந்தும் என்று வைத்துக்கொண்டிருந்தார்.

"இது எறியிற சாமான் இல்லை" என்றார்.

அடுத்த மூன்று மாதம் வேலை முடிந்து வந்து ஒரு மணித்தியாலம் கெல்லர்தான் எங்கள் இடம். அங்கேதான் மிச்சக் கதையும் வந்தது. கேள்வி கேட்டால் அப்பா வாயை மூடிக்கொள்வார். கையில் வேலை இருந்தால் தானாகக் கதைப்பார்.

முதலில் உடல் பகுதி. அது இறக்கைக்குப் பின்னால் இரண்டாக முறிந்திருந்தது. நான் ஓரங்களைத் தேய்த்து மட்டமாக்கப் போனேன். அப்பா கையைப் பிடித்தார். முறிந்த மரத்தின் பல்லு ஒன்றோடு ஒன்று கொளுவும், அதைத் தேய்த்தால் பிடிமானம் போய்விடும். வரைபடத்தை மேசையில் விரித்து, பசை ஒட்டாமல் மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, இரண்டு பாதியையும் பல்லுக்குப் பல் சேர்த்து, வெள்ளை மரப்பசை பூசிக் குண்டூசியால் நிறுத்தினோம். கோடு நேராக இருக்கிறதா என்று அப்பா ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். உண்மையான ஹரிக்கேனின் பின்பகுதியும் உலோகக் குழாயும் மரச்சட்டமும் வைத்து, மேலே துணி போர்த்துக் கட்டியதுதான். அதனால் சூடுபட்டு வந்ததைத் தளத்திலேயே திருத்தி மீண்டும் ஏற்ற முடிந்தது. இதைச் சொன்னபோது, "அப்ப எங்கட ஊர் மோட்டச்சைக்கிள் மாதிரி" என்றார்.

அப்பாவின் ஊர் வடமராட்சி. 1990 இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. மோட்டச்சைக்கிளுக்குச் சில துளி பெற்றோல் காட்டி இயக்கிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்களாம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்பார்களாம். எதையும் எறிய முடியாத ஊரில் வளர்ந்த மனுசன். நான் ஏழு மாதம் குப்பைப் பையில் வைத்திருந்ததைப் பார்க்க அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

பிறகு மோட்டர் பூட்டும் முன்பலகை. அது இரண்டாகப் பிளந்திருந்தது. ஒட்டவில்லை, புதிதாகப் பிளைவுட்டில் வெட்டினோம். மோட்டர் இழுக்கும் அதிர்வு முழுதும் அந்தப் பலகையில்தான் விழும். பழைய பலகை கொஞ்சம் வலப்பக்கமும் கொஞ்சம் கீழேயும் பார்த்தபடி இருந்தது. அது பிழை இல்லை. புரொப்பெல்லரின் சுழற்சி விமானத்தை ஒரு பக்கம் இழுப்பதை ஈடுசெய்ய அப்படி வைப்பார்கள். உடையாமல் மிஞ்சிய துண்டில் இருந்து அந்தக் கோணத்தை அளந்தேன். உடைந்த எதையும் கட்டி முடிக்கும் வரை எறியாதீர்கள் என்று சொல்வது இதற்குத்தான்.

கடைசியாக இறக்கை. அதுதான் கஷ்டம். இறக்கையின் முதுகெலும்பு போல நீளத்துக்கு ஓடும் சட்டம் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. முனைக்கு முனை ஒட்டினால் முதல் திருப்பத்திலேயே கழன்றுவிடும். சட்டத்தின் தடிப்பைப் போல எட்டுப் பத்து மடங்கு நீளத்துக்கு இரண்டு முனைகளையும் சாய்வாகச் சீவி, ஒன்றின் மேல் ஒன்று படுக்க வைத்து ஒட்ட வேண்டும். நான் இதை இங்கிலிஸ் புத்தகத்தில் படித்திருந்தேன். அப்பா புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. கத்தியை எடுத்து ஒரே இழுவையில் சீவினார். ஒட்டி, பசை காய முதலே மேலே நூலை நெருக்கமாகச் சுற்றி, நூலின் மேலும் பசை தேய்த்தார்.

"எங்க அப்பா பழகினீங்கள்?"

"பட்டம்."

தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுவதை நீங்கள் காணொளியில் பார்த்திருப்பீர்கள். அப்பாவும் சின்ன வயதில் கொக்குப்பட்டமும் எட்டுமூலையும் கட்டியவர். மூங்கில் சீவி, நூலால் கட்டி, தாள் ஒட்டி, விண் பூட்டி ஏற்றினால் இரவு முழுக்கக் கூவுமாம். முறிந்த மூங்கிலை இப்படித்தான் சாய்வாகச் சீவிக் கட்டுவார்களாம்.

"பிறகு ஏன் விட்டீங்கள்?"

அப்பா நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னார். பொம்பர் வரத் தொடங்கிய பிறகு வானத்தைப் பார்ப்பது வேறு மாதிரி ஆகிவிட்டது. சியாமாசெட்டி என்று அவர்கள் சொன்னது இத்தாலி நாட்டு சியாய் மார்க்கெட்டி. விமானிகளைப் பழக்குவதற்காகச் செய்த சின்ன விமானம். தாழ்ந்த இறக்கை, முன்னால் ஒரு புரொப்பெல்லர். 1985 முதல் இலங்கை விமானப்படை அதில் குண்டும் றொக்கெற்றும் பூட்டிப் பாவித்தது. முதலில் உயரத்தில் சுற்றும். பிறகு மூக்கைக் குத்திக்கொண்டு கீழே வரும். குத்தும்போது சத்தம் மாறும். அந்தச் சத்தம் மாறியதும் நிற்கிற இடத்தில் படுத்து, காதைப் பொத்தி, வாயைத் திறக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பழக்கினார்களாம்.

தாழ்ந்த இறக்கை. ஒரு புரொப்பெல்லர். உயரத்தில் சுற்றிவிட்டு மூக்கைக் குத்தி வருவது. ஜூன் மாதம் அப்பாவுக்கு நான் காட்டிய வித்தை என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கைதட்டட்டும் என்று செய்தேன். அவர் பதின்மூன்று வயதில் பழகியதைச் செய்தார். அந்தப் புல்வெளியில் பிழை விட்டவர் அவர் இல்லை.

"சொல்லியிருக்கலாமே அப்பா" என்றேன்.

"நீ சந்தோசமா விட்டுக்கொண்டிருந்தனி. அதை ஏன் கெடுப்பான்?"

எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. நூலின் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரலில் மேலே ஃபிலிம் போர்த்து இஸ்திரிப் பெட்டியால் இழுத்தோம். இங்கிலாந்தின் வட்டச் சின்னத்தைத் திரும்ப ஒட்டட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "உன்ரை பிளேன், நீ யோசி" என்றார். ஒட்டவில்லை. பச்சையும் மண்ணிறமும் மட்டும் விட்டேன். அது சரியா என்று இன்னும் தெரியாது. சின்னத்தை எடுத்தால் போர்விமானம் போர்விமானம் இல்லாமல் போகுமா? ஆனால் தெரியாதது போல ஒட்டவும் மனம் வரவில்லை.

நிறுத்துப் பார்த்தால் பழையதை விட 140 கிராம் கூட. பசை, பிளைவுட், நூல். எடை கூடுவதை விட அது எங்கே கூடுகிறது என்பதுதான் முக்கியம். இறக்கைக்குக் கீழே புவியீர்ப்பு மையம் குறித்த இடத்தில் இரண்டு விரல் நுனியில் விமானத்தைத் தூக்கினேன். வால் பக்கம் தாழ்ந்தது. "முச்சை பிழையெண்டால் பட்டம் குத்தும்" என்றார் அப்பா. பட்டத்தின் நெஞ்சில் கட்டும் நூல்தான் முச்சை, அதன் அளவு பிழைத்தால் பட்டம் தலைகீழாக விழும். பற்றரியை முன்னுக்குத் தள்ளி, மூக்கில் கொஞ்சம் ஈயம் வைத்தோம். விரலில் நேராக நின்றது.

மே மாதத்தில் ஒரு காற்று இல்லாத பின்னேரம். றிமோட்டின் சக்தியைக் குறைத்து வைத்துத் தூர நடந்து, சிக்னல் கிடைக்கிறதா என்று பார்த்தோம். கிளைடர்க்காரர் ஒவ்வொரு செட்டையையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, இறக்கையில் நூல் சுற்றிய இடம் ஃபிலிமுக்குக் கீழே புடைத்திருந்ததைத் தடவினார். "யார் செய்தது?" என்று கேட்டார். அப்பாவைக் காட்டினேன். அவர் அப்பாவுக்குக் கை கொடுத்தார்.

நான் அப்பாவிடம் போய், "உயரத்தில மட்டும்தான் விடுவன். உங்கட பக்கம் வராது. சத்தம் மாறாது" என்றேன். அப்பா கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றார். நான் ஏற்றியபோது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார் என்று கிளைடர்க்காரர் பிறகு சொன்னார். நான் பார்க்கவில்லை. இந்தத் தடவை விமானத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆறு நிமிடம். பெரிய வட்டங்கள், வேறொன்றும் இல்லை. இறக்கும்போது வேகத்தை விடாமல் கொண்டுவந்தேன். சில்லு புல்லில் பட்டு இரண்டு தரம் துள்ளி நின்றது. திரும்பினால் அப்பா வாங்குக்குப் பக்கத்தில் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது. விமானத்தைத் தூக்கி, நூல் சுற்றிய இடத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"அசையேல்லை" என்றார். பிறகு, "இன்னொரு பற்றரி கொண்டந்தனியே?"

"ஓம்."

"அப்ப விடு. உயரத்தில விடு."

உங்கள் வீட்டிலும் அப்பாவோ அம்மாவோ வராத ஒரு இடம், பார்க்காத ஒரு படம், பட்டாசு வெடிக்கும் புதுவருட இரவில் பூட்டிக்கொள்ளும் ஒரு அறை இருக்கலாம். போய்க் கேள்வி கேட்காதீர்கள். ஏதாவது உடைந்த சாமானை மேசையில் வைத்து, ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள்.